சனிக்கிழமை டெஸ்ட்

போன வாரம் என் ஸ்டூடன்ட் ஒருவன் வந்து, "சார், சனிக்கிழமை ஒரு டெஸ்ட் வைங்க" என்றான். இத்தனை வருட சர்வீஸில் இப்படி ஒரு விண்ணப்பம் வந்ததே இல்லை!

"ஏன்டா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவன் சிரிக்கவில்லை.

கண்ணன் என்று வைத்துக்கொள்வோம். பி.ஏ. கடைசி வருடம். கீழ்வேளூர் பக்கத்து மிராசுதார் மகன். ஊரில் கூலித் தகராறு. கூலியைக் கூட்டாமல் கதிரில் கை வைக்க மாட்டோம் என்கிறார்கள் ஊர் ஆட்கள். அப்பாவோ வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கப் போகிறார். சனிக்கிழமை மகனும் வரப்பில் வந்து நிற்க வேண்டுமாம்.

லாரியை மறிக்கப் போகிறவர்கள் யார்? ஹாஸ்டலில் இவனுடைய ரூம்மேட் செல்வத்தின் அப்பாவும் அம்மாவும் அவர்களில் உண்டு.

"டெஸ்ட்னு சொன்னா அப்பா விட்டுடுவாரு சார். செல்வமும் ஊருக்குப் போக மாட்டான்."

வைத்தேன்.

கல்லூரியில் பையன்கள் எப்படி வளர்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி என்று உங்களுக்குத் தெரியும். வருடா வருடம் ஒரே கேள்வியைக் கேட்பேன் — 'அப்பா சொல்வது தப்பு என்று பட்டால் என்ன செய்வாய்?' முதல் வருடம், 'சொன்னபடி கேட்பேன்.' மூன்றாம் வருடம், 'எதிர்த்துச் சொல்வேன்.' எழுதுகிறவர்களில் எத்தனை பேர் செய்வார்கள்? அது மட்டும் எனக்குப் பிடிபட்டதில்லை.

சனிக்கிழமை செல்வம் வரவில்லை. முதல் பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விட்டானாம். கண்ணன் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்... சட்டென்று எழுந்தான்.

"நானும் போறேன் சார்."

"அப்பா கூட நிக்கவா?"

"இல்ல சார். கேக்குற கூலிய குடுத்துடுங்கப்பான்னு சொல்லப் போறேன். எல்லார் முன்னாடியும்."

கூலித் தகராறில் நம் ஜில்லா பார்க்காத ரத்தமா? போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பாத்துப் போ" என்றேன்.

ஞாயிறு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கண்ணனின் கன்னம் வீங்கியிருந்தது. அப்பா கை வைத்துவிட்டார். அவன் பெட்டியைச் செல்வம் தூக்கி வந்தான். லாரி திரும்பிப் போய்விட்டதாம். கூலிப் பேச்சு இன்னும் முடியவில்லை.

இன்று மார்க் போட உட்கார்ந்திருக்கிறேன். கண்ணனின் தாளில் பெயரைத் தவிர ஓர் எழுத்து இல்லை.

முட்டை போடத்தான் கை வரமாட்டேன் என்கிறது!