மூன்று நரம்பு வயரும் என் சகலனும்

என் சகலனை எனக்குப் பிடிக்காது. அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. என் மனைவியின் தங்கையை முடித்துக்கொண்டு எங்கள் வளவுக்கு வந்தவர் அவர். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. அதனால் கல்முனையில் ஒரே வளவில், ஒரே மாமியின் கண்ணுக்கு முன்னால், இரண்டு மருமக்கள். மூத்தவன் நான்.

வளவின் வடக்கு மூலையில் என் கடை. டெலிபோன் கோல் எடுக்கவும் ஈமெயில் பார்க்கவும் ஆட்கள் வருவார்கள். கலியாணம் முடித்த கையோடு அவர் தெற்கு மூலையில் அதே தொழிலைத் தொடங்கினார். உலகத்தில் வேறு தொழிலே இல்லையா? அவருடையது புத்தம் புதுக் கொம்பியூட்டர். என்னுடையது கொழும்பில் ஏதோ ஒரு கம்பனிக் கந்தோர் பழசென்று கழித்துவிட்டது.

கட்டாரில் இருந்த மச்சான், மாமியின் ஒரே மகன், வெள்ளிக்கிழமை தோறும் தாய்க்கு ஈமெயில் போடுவார். ஜும்ஆ முடிந்ததும் மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் கடைக்கு வருவார். நான் வாசிப்பேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். மூத்த மருமகன் என்று எனக்கு மிஞ்சியிருந்த மரியாதை அது ஒன்றுதான். அதையும் இவர் தட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்று வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில் வேகமான மோடம் ஒன்றை வாங்கினேன். அதன் சிவப்பு விளக்குகள் மினுங்குவது தெருவுக்குத் தெரிய வேண்டும், முக்கியமாகத் தெற்கு மூலைக்குப் போகிறவர்களுக்கு. ஆகவே ரோட்டுப் பக்க ஷோகேசில் வைத்தேன். கூட வந்த வயர் அங்கிருந்து கொம்பியூட்டருக்கு எட்டவில்லை. நானே நீளமாக ஒன்றை ஈயம் வைத்து ஒட்டினேன். உள்ளே மூன்றே கம்பி நரம்பு: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. மற்ற நரம்புகள் என்னத்துக்கு என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து எழுத்துகள் தொலையத் தொடங்கின. சொல்லுக்கு நடுவில் ஓட்டை விழுந்தது. சில நேரம் வரி வரியாகக் காணாமல் போனது. மகனுக்கு ஏதும் சுகமில்லையோ என்று மாமி கலங்கினார். கடற்காற்றின் உப்பு டெலிபோன் கம்பியைத் தின்றுவிட்டது என்று நினைத்து அதை மாற்றிப் பார்த்தேன். சரிவரவில்லை. சகலனின் கண்ணூறு என்றுதான் முடிவுகட்டினேன். மாமியும் கண்ணூறு என்றுதான் நினைத்தார், யாருடையது என்று சொல்லவில்லை. ஓதிய தண்ணீர் கொண்டுவந்தார். அதைக் கொம்பியூட்டரில் தெளிக்காமல் தடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒருநாள் சகலனே கடைக்கு வந்தார். கூப்பிடவேயில்லை.

"காக்கா, மிஷின் பழசு. மோடம் தாற வேகத்துக்கு வாங்க அதுக்கு ஏலாது. வேகத்தக் கொஞ்சம் குறைச்சு வைங்க."

அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் எரிந்தது. நான் குறைக்கவில்லை.

அந்த வாரம் மாமி வீட்டில் பகல் சாப்பாடு. எனக்கும் சகலனுக்கும் ஒரே சஹன், ஒரே பெரிய தட்டு. அவர் அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறார், மாமியும் போட்டுக்கொண்டே இருக்கிறார். முதல் போட்டதை நான் விழுங்கி முடிக்குமுன் என் பக்கமும் சோறு விழுகிறது. கையைக் குறுக்கே வைத்தேன். மாமியின் அகப்பை நின்றது.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. கொம்பியூட்டர் வந்ததை டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது, கொஞ்சம் பொறு என்று மோடத்துக்குக் கை காட்ட வேண்டும். அந்தக் கையைத்தான் நான் வயரில் வைக்காமல் விட்டிருந்தேன். மோடம் பாட்டுக்குப் பரிமாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

விளக்கும் வேண்டாம் தெருவும் வேண்டாம் என்று மோடத்தை மேசைக்குக் கொண்டுவந்து, அதனுடன் வந்த முழு வயரைப் பூட்டினேன். கை காட்டும் முறையைக் கொம்பியூட்டரிலும் போட்டுவிட்டேன். வேகத்தையும் ஒரு படி குறைத்தேன், ஆனால் அதை யாருக்கும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மச்சானின் ஈமெயில் ஒரு எழுத்தும் சிந்தாமல் வந்தது. மாமிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசித்தேன். சுகம் விசாரித்திருந்தார். பிறகு எழுதியிருந்தார்: மூத்த மச்சானின் கடையில் எழுத்து விடுபடுகிறதாம், இனி இளைய மச்சானின் கடைக்கே அனுப்புகிறேன் உம்மா, இதைப் போன கிழமையும் எழுதினேன், பதில் இல்லை.

வாய் தன்பாட்டில் வாசித்துவிட்டது. நான் ஏசிய ஓட்டைதான் போன கிழமை என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

மாமி கையை ஆட்டி மறித்தார்.

"வேணாம் மகன், இஞ்சயே அனுப்பச் சொல்லுங்க. இளையவர் கெதியா வாசிக்காரு. ஒண்டு விளங்க முந்தி மத்தது வந்திருது. நீங்கதான் ஆறுதலா, நிறுத்தி நிறுத்தி வாசிக்கிற."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று கடையை நேரத்தோடு பூட்டினேன். மனைவியிடம் சொல்ல வேண்டுமே. தெற்கு மூலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வளவைக் கடந்தேன். கிணற்றடிக்கு வந்தபோதுதான் உறைத்தது. அவர் கெதியாக வாசிப்பது மாமிக்கு எப்படித் தெரியும்?

இன்றுவரை நான் அதைக் கேட்கவில்லை. கேட்டால் தெற்கு மூலைக்கு எத்தனை தரம் போனார் என்பதையும் மாமி சொல்லிவிடுவார்.