சொட்டு மருந்தை விட்டுக்கொடுக்காத டாக்டர் செண்பகவல்லி

அடையாறில் எங்கள் சோதனைக்கூடத்தின் இருட்டறைக்குள் யாரும் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. அதன் திரை ஒருமுறை ஒளிர்ந்தால் போதும், விரிந்துகொண்டிருக்கும் கண்மணி சட்டென்று சுருங்கிவிடும். சென்ற செவ்வாய்க்கிழமை காலை நான் அந்த அறையிலிருந்து வெளியே வந்து பார்த்தபோது, மயிலாப்பூர் கிளினிக்கின் வரவேற்பாளர் மேரி பலமுறை அழைத்திருந்தார். திரும்ப அழைத்தேன். "டாக்டர் போயிட்டாங்க மேடம்" என்றார். எங்கே போனார் என்று கேட்டுவிட்டேன். மேரி அழத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. மாரடைப்பு. கிளினிக்குக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது நடந்திருக்கிறது.

டாக்டர் செண்பகவல்லியை உங்களில் பலருக்குக் கண் மருத்துவராகத் தெரியும். தி.நகரில் துணிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண்ணாகச் சிலருக்குத் தெரியும். எனக்கு அவர், நான் உருவாக்கிய கருவியை முதலில் எதிர்த்தவர்.

கண்ணின் உட்புறத்தைப் பார்க்கவேண்டுமானால் கண்மணி விரிய வேண்டும். அதற்காகத்தான் சொட்டு மருந்து விடுகிறார்கள். விட்டால் பல மணி நேரம் எழுத்து மங்கும், வெயில் கூசும். மருந்தே இல்லாமல் அதைச் செய்ய நாங்கள் ஒரு பெட்டி செய்திருந்தோம். முகத்தை அதில் பொருத்திக்கொண்டால் முழு இருட்டு. இருட்டில் கண்மணி தானாக விரியும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் குறிபார்த்து, பளிச்சென்று ஒரே ஒரு வெளிச்சத்தில், கண் சுருங்குவதற்குள் பெட்டி படம் எடுத்துவிடும்.

அதை அவர் மேசைமேல் வைத்து, எங்களிடமிருந்த அழகான படங்களையெல்லாம் காட்டினேன். குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார்.

"இதெல்லாம் யாரோட கண்ணு?"

"எங்க ஆபீஸ்ல இருக்கிறவங்களோடது, டாக்டர்."

"எல்லாம் சின்ன வயசு. பூ மாதிரி விரியும். என் கண்ணை எடுங்க பார்ப்போம், இன்ஜினியரம்மா."

எடுத்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு மங்கல், அவ்வளவுதான். அவருக்கு வெகுகாலமாகச் சர்க்கரை நோய் இருந்தது. "வயசும் ஆகி, சர்க்கரையும் இருந்தா இருட்டுல வச்சாலும் கண்மணி ஒழுங்கா விரியாது. வெளியே போய்ப் பாருங்க. என் வாசல்ல உட்கார்ந்திருக்கிறது எல்லாமே இந்த மாதிரிக் கண்ணுதான்" என்றார்.

அடுத்த மாதம் தி.நகரில் நடந்த மருத்துவர்கள் கூட்டத்திலும் எழுந்து நின்றார். "இந்தப் பெட்டி 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லி ஒருத்தரை அனுப்பிட்டா, அவர் அப்புறம் எந்தக் கண் டாக்டர்கிட்டயும் போக மாட்டார். உள்ளே ஏதாவது இருந்தா யார் பொறுப்பு?" அன்று எங்களிடம் யாரும் பெட்டி கேட்கவில்லை. கண்ணில் நீர் முட்ட வீடு திரும்பினேன். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. அதன் பிறகு செய்த வேலையெல்லாம் அதற்குப் பதில்தான். சிறிய கண்மணிக்குள்ளும் நுழையும்படி ஒளியை மாற்றினோம். பல கோணங்களில் படமெடுத்து ஒன்றாக ஒட்டினோம். படம் சரியாக வராவிட்டால், "போதாது" என்று பெட்டியே சொல்லும்படி செய்தோம்.

ஒருநாள் அவரே அழைத்தார். "உங்க பெட்டி இப்ப எப்படி இருக்கு? நாளைக்கு எடுத்துட்டு வாங்க. ஒருத்தர் என்கிட்டேருந்து ஓடிட்டார்."

ஓடியவர் தணிகாசலம், பள்ளி வேன் ஓட்டுநர். குடியிருந்த ஆற்றோரத்திலிருந்து, தொலைவிலுள்ள பெரும்பாக்கம் குடியிருப்புக்கு அனுப்பப்பட்ட பிறகும் வேலைக்கு மந்தைவெளிக்கே வந்துகொண்டிருந்தார். அங்கே நடந்த கண் பரிசோதனை முகாமில், சர்க்கரை நோய் இருப்பதால் கண்ணுக்குள் பார்த்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொட்டு மருந்து என்றதும் மனிதர் எழுந்துவிட்டார். "மருந்து வுட்டா கண்ணு மங்கிக்கினு கீதும்மா. சாயங்காலம் புள்ளைங்கள எப்டி இட்டுனு போவேன்? ஸ்கூலு கேட்டாண்ட நின்னுகினு இருக்குங்க." லீவு நாளில் வருவதாகச் சொல்லிப் போனவர், வரவில்லை.

நாங்கள் அவரைத் தேடிப் போனோம். பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில், மரத்தடியில், வேனுக்குள் படுத்திருந்தார். டாக்டரைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"சொட்டு மருந்து இல்ல, உட்காருங்க" என்றார் டாக்டர்.

வேனின் கண்ணாடிகளைக் கறுப்புத் துணியால் மூடினோம். பின் இருக்கையில் பெட்டியை வைத்து அவர் முகத்தைப் பொருத்தினேன்.

"இன்னாம்மா, ஒண்ணுமே தெரீல?"

"தெரியக் கூடாது. கண்ணை மட்டும் மூடாதீங்க."

படம் வந்தது. எனக்கே தெரிந்தது, சிவப்புப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. டாக்டர் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார். "இது உங்க கண்ணு. இந்தச் செகப்பெல்லாம் ரத்தக் கசிவு."

தணிகாசலம் திரையருகே குனிந்து அந்தப் புள்ளிகளைப் பார்த்தார். பிறகு, "அப்போ நானு புள்ளைங்கள வச்சி ஓட்டலாமா, வேணாமா?" என்றார்.

"இன்னிக்குப் பார்வை நல்லாத்தான் இருக்கு. அப்படியே இருக்கணும்னா நீங்க நாளைக்கே வரணும். கண்ணுக்குள்ள இந்தப் பெட்டிக்கு எட்டாத ஓரமெல்லாம் பார்க்கணும். அதுக்கு மருந்து விட்டே ஆகணும்."

"மச்சான வண்டி எடுக்கச் சொல்லிட்டு வந்துர்றேன்."

வந்தார். லேசர் சிகிச்சை நடந்தது. பார்வை பிழைத்தது. இன்றும் அதே வேனை ஓட்டுகிறார்.

டாக்டர் என்னைப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். "உங்க பெட்டி மருந்துக்குப் பதில் இல்ல, இன்ஜினியரம்மா. மருந்துக்குப் பயந்து ஓடறவங்கள உட்கார வைக்குது. அது சின்ன வேலை இல்ல" என்றார். தான் பார்க்காத பகுதி எது என்று ஒவ்வொரு முடிவிலும் பெட்டி தமிழில் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அதைச் செய்த பிறகுதான் கிளினிக்கில் அதற்கு இடம் கொடுத்தார். பிறகு அசோக் நகர், வடபழனி முகாம்களுக்கு அவரே காரில் ஏற்றிக்கொண்டு போனார். முன்பு எங்களை மறுத்தவர்கள், செண்பகவல்லியே வைத்திருக்கிறாரா என்று கேட்டு வரத் தொடங்கினார்கள்.

டாக்டர் இறந்த மறுநாள், புதன்கிழமை, அவர் வீட்டுக்குத் தணிகாசலம் வந்திருந்தார். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, காலி வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். "என்னியத் தேடிக்கினு வந்தாங்கம்மா. எனுக்காக ஆரு அப்டி வந்துகிறா?" என்றார்.

டாக்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. எந்த நோயாளி எழுந்தாலும் டாக்டர் கேட்பார்: "வீட்டுக்கு எப்படிப் போறீங்க?" மருந்து விட்ட கண்ணோடு யாரையும் தனியே அனுப்ப மாட்டார். துணைக்கு ஆள் இல்லையென்றால் மேரி கூடப் போய் ரயிலேற்றிவிட்டு வரவேண்டும்.

நேற்று வடபழனி முகாமில், எங்கள் பெட்டியில் சொட்டு மருந்தில்லாமல் கண் பார்த்து முடித்த ஓர் அம்மாள் எழுந்தபோது, என்னையறியாமல் அதையே கேட்டேன்.

"நடந்துதான். அப்படியே முருகனைப் பார்த்துட்டுப் போவேன். ஏம்மா?"

"சும்மா கேட்டேன்" என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு அவர் இறங்கினார். உச்சி வெயில். கண்ணுக்குமேல் கையை வைத்து மறைக்காமல், இரண்டு பக்கமும் பார்த்து, சாலையைக் கடந்து போனார்.