பின்பக்க சென்சார்

என் அத்தானுக்கு அவருடைய கார் பட்டறையில் "காது" என்று பெயர். வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் வைத்தது. பானெட்டைத் திறக்காமலே, எஞ்சின் ஓடுகிற சத்தத்தை வைத்து நோயைச் சொல்லிவிடுவார். என் அக்கா அதே பட்டறையில் உதிரிபாக அலமாரிக்கு ராணி. எந்தப் பாகம் எந்தத் தட்டில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வீட்டுக்கு வந்தாலும் இருவருக்கும் பேரிங், பிரேக் ஷூ பேச்சுதான். நடுவில் போய் உட்கார்ந்தால் எனக்குக் கொட்டாவிதான் வரும்.

பக்கவாதம் வந்து அவருடைய இடது கை விழுந்தது. பட்டறை வேறொருவர் கைக்குப் போனது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "கை போனா போகட்டும், தலை இருக்கே" என்று சிரித்தார். ஞாபகமும் போகப்போகத் தடுமாறலாம் என்று டாக்டர் அக்காவைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். அவள் அதை அத்தானிடம் சொல்லவில்லை. அவர் சாப்பிட்ட மாத்திரையையே மறுபடி தேடினால் டப்பாவை நைசாக நகர்த்தி வைப்பாள். என் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டால், அந்தப் பெயருக்கே "என்னங்க" என்று திரும்புவாள்.

அப்போதுதான் வீட்டுக் காரில் எஞ்சின் விளக்கு எரிய ஆரம்பித்தது. வண்டி பெட்ரோலைக் குடித்தது. புகையில் பெட்ரோல் நெடி. அக்கா போனோடு இணைகிற சின்னக் கருவியைச் செருகிப் பார்த்தாள். புகைக்குழாயில் இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள் உண்டாம். எஞ்சினை ஒட்டி முன்னால் இருப்பதுதான் எவ்வளவு பெட்ரோல் போகலாம் என்பதற்குத் துப்புக் கொடுக்கும். வண்டிக்கு அடியில் இருக்கும் பின்பக்கத்துக்காரனுக்குப் புகை சுத்தமாக வருகிறதா என்று பார்க்கும் காவல் வேலை மட்டும். கெட்டது முன்னால் இருப்பது என்று கருவி காட்டியது.

அத்தான் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டார்.

"பின்னாடி இருக்கிற சென்சார்தான் போச்சு. அதை மாத்து."

அக்கா வாயைத் திறந்தாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

சமையலறையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்க்கா, நல்லா இருக்கிறதையா கழட்டப் போறே? உனக்கென்ன பைத்தியமா?"

"பட்டறையில இந்தத் தப்பைச் செஞ்ச பையனை அன்னைக்கே வேலையை விட்டு நிறுத்தினார்டி. இப்ப தப்பு உங்களுதுன்னு நான் சொன்னா, அவர் யாரை நிறுத்துவார்?"

ஊரே அடங்குகிற வாய் எனக்கு. ஆனாலும் கார் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் பழைய அத்தானாக இருந்தார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? "ஜாக்கியை மட்டும் நம்பாதே, ஸ்டாண்டு வை." "எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்து. சூடு இருந்தாத்தான் மரை இளகும்." "புதுசுக்கு மரையில மட்டும் பேஸ்ட் தடவு, முனையில பட்டுச்சுன்னா போச்சு." அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. எந்தச் சென்சார் என்பது மட்டும்தான் தப்பு. அக்கா வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, துருப்பொடி கண்ணில் விழ, பழுதே இல்லாத ஒன்றைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். கருவியால் விளக்கையும் அணைத்தாள்.

விளக்கு எரியாததைப் பார்த்து அத்தானுக்குக் கண் கலங்கியது. "பாத்தியா, மச்சினி? மெஷின் எதுக்கு?" என்றார். அன்றைக்கு இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் அப்படிச் சாப்பிட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

விளக்கு மறுபடி வருவதற்குள் முன்பக்கத்துச் சென்சாரை மாற்றியாக வேண்டும். அடுத்த நாள் அவர் மதியம் தூங்கும்போது அக்காவும் நானும் பானெட்டைத் திறந்தோம். எஞ்சினைப் போட்டால் விழித்துக்கொள்வார் என்று குளிர்ந்த இரும்போடு மல்லுக்கட்டினோம். அக்கா ஸ்பானரில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினாள். கழன்றது. வண்டி சரியானது. பெட்ரோல் நெடியும் போனது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று நினைத்தோம். ஒரு வாரம் கழித்து ஷெட்டில் பானெட் திறந்திருந்தது. அத்தான் ஆயில் பார்க்க ஒற்றைக் கையால் திறந்திருக்கிறார். துருவேறிய குழாயில் புதிய சென்சார் பளபளவென்று தெரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கெட்டுப்போனது இதுதானே?"

அக்கா ஆமென்று தலையை ஆட்டினாள்.

"எத்தனை நாளா நான் இப்படி இருக்கேன்?"

"இந்த ஒரு தடவைதாங்க."

அவர் அவளை நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. மனசுல எதையும் வச்சுக்க மாட்டியே நீ."

மாத்திரை டப்பா, மாறிப்போன பெயர்கள் எல்லாம் என் நாக்கு நுனிவரை வந்தன. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை; தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவைதான் அத்தான்" என்றேன்.

"சரி" என்றார். பானெட்டை மூடப் போனார். ஒரு கையால் முடியவில்லை. அக்கா போய்ச் சேர்ந்து பிடித்தாள்.

அதன்பிறகு அவர் யாருக்கும் எதையும் இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்வதில்லை. பழைய வாடிக்கைக்காரர் யாராவது வாசலில் வண்டியை நிறுத்தி, இது என்ன சத்தம் என்று கேட்டால், "உள்ளே அவ இருக்கா, அவளைக் கேளுங்க" என்கிறார். காலையில் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்ததும் அக்காவின் முன்னால் வந்து நிற்கிறார்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்குங்க" என்று அவள் சொன்ன பிறகும் அவர் குனிந்து இன்னொரு முறை பார்த்துக்கொள்கிறார்.