நூற்றெழுபது சுற்று

அஞ்சலாட்சி அத்தைக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அவருடன் வேலை பார்த்த பெண்களுக்கு இது தெரியும். சூப்பர்வைசர் ராஜாங்கத்துக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை.

அது ஸ்பீக்கர் பெட்டி செய்யும் கம்பெனி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ராமலிங்கம் 1981இல் தொடங்கியது. ஒவ்வொரு பெட்டியிலும் பெரிய ஸ்பீக்கர் ஒன்று, சின்ன ஸ்பீக்கர் ஒன்று. தவில் சத்தம் பெரியதற்குப் போக வேண்டும், ஜால்ரா சத்தம் சின்னதற்கு. இரண்டையும் பிரித்து அனுப்ப உள்ளே ஒரு கண்டன்சரும் செப்புக்கம்பிச் சுருளும் இருக்கும். அத்தையையும் சேர்த்து ஏழு பெண்கள் அந்தச் சுருளைச் சுற்றினார்கள். ஒரு கையால் சுற்றும் கருவியின் கைப்பிடியைச் சுழற்றியபடி வாய்க்குள் எண்ண வேண்டும். இருநூற்றுப் பத்து சுற்று. குறைந்தால் பெரிய ஸ்பீக்கர் சின்னதன் வேலையிலும் புகுந்து கத்தும், பேச்சு குழம்பிவிடும். சுற்றி முடித்ததும் ஒவ்வொருத்தியும் தன் நிற நூலால் முனையைக் கட்டுவாள். அத்தைக்குச் சிவப்பு, செல்வாம்பாளுக்குப் பச்சை.

1984 பொங்கலுக்கு முன் ஒரு காலையில் ராஜாங்கம் வந்து சொன்னார்: "இனிமே நூத்தியெழுபது போதும்."

"பாட்டு கெடாதா சார்?" என்றார் அத்தை.

"நீ இன்னா இஞ்சினியரா? சொன்னதைச் சுத்து."

சுற்றினார்கள். கம்பிச் செலவு குறைந்ததைக் காட்டி ராஜாங்கம் முதலாளியிடம் நல்ல பெயர் வாங்கினார். எப்படிக் குறைந்தது என்று முதலாளி கேட்கவில்லை.

மாசி மாதத்தில் பெட்டிகள் திரும்பி வந்தன. "நாயனமும் ஐயர் மந்திரமும் ஒண்ணா கொழகொழன்னு கேக்குது" என்று நெல்லித்தோப்புக் கல்யாண மண்டபக்காரர் நான்கு பெட்டிகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். ஒரே வாரத்தில் இருபத்துமூன்று.

"பொம்பளைங்க, முதலாளி. கதை பேசிக்கினே சுத்தறாங்க. எண்ணிக்கை தவறிப்போச்சு" என்றார் ராஜாங்கம், கூசாமல்.

முதலாளி எல்லோரையும் முற்றத்துக்கு அழைத்தார். முதலில் பிரித்த இரண்டு பெட்டிகளில் சிவப்பு நூலும் பச்சை நூலும் இருந்தன. "கதை பேசிக்கினே சுத்தனது போதும். செவப்பும் பச்சையும் நாளைக்கு வேலைக்கு வர வேணாம்" என்றார்.

மாமாவுக்கு மில்லில் வேலை போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அத்தையின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அதை அவர் சொல்லவில்லை. தாழ்ந்த குரலில் வேறொன்று சொன்னார்.

"அவுத்து எண்ணுங்க."

"எண்ணி இன்னா ஆவப்போவுது? கம்மியாத்தான் இருக்கும்" என்றார் ராஜாங்கம்.

"கம்மியாத்தான் இருக்கும் சார். எண்ணட்டும்."

முதலாளியே உட்கார்ந்து எண்ணினார். சிவப்பு நூற்றெழுபது. பச்சையும் நூற்றெழுபது. அத்தை இன்னொரு பெட்டியைக் காட்டினார். அதில் மஞ்சள் நூல். அதுவும் நூற்றெழுபது.

"கவனம் தப்பினா ஒண்ணு நூத்தறுவது வரும், ஒண்ணு இருநூறு வரும். ஒத்துமையா ஒரே கணக்குல தப்பு பண்ணோமா முதலாளி? இந்த நூத்தியெழுபதை யாரு சொன்னதுன்னு அவரைக் கேளுங்க."

முதலாளி ராஜாங்கத்தை உள்ளே கூட்டிப்போனார். பத்து நிமிடம் கழித்து முதலாளி மட்டும் வெளியே வந்தார்.

"போனது போவட்டும். எல்லாரும் வேலைக்கு வாங்க. நாளையிலேர்ந்து பழையபடி இருநூத்திப் பத்து."

அவ்வளவுதான். உங்கள் மேல் தப்பில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. கதை பேசுகிறவர்கள் என்ற பழி முற்றத்திலேயே கிடந்தது. ராஜாங்கம் வேலையில் நீடித்தார்.

மறுநாள் ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா, சுத்தலையா?" என்றார் ராஜாங்கம்.

"எத்தினி சுத்து சார்?" என்றார் அத்தை.

"நேத்தே முதலாளி சொன்னாரே."

"வாயால சொன்னா காத்தோட போயிடுது. பலகையில எழுதுங்க."

ராஜாங்கம் வாசலைப் பார்த்தார். முதலாளி அங்கே நின்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாங்கம் சுண்ணக்கட்டியை எடுத்து 210 என்று எழுதினார்.

"கீழ உங்க கையெழுத்து" என்றார் அத்தை.

"கதை பேசிக்கினே எழுதாதீங்க சார். எண்ணிக்கை தவறிடப்போவுது" என்றாள் செல்வாம்பாள்.

1989இல் வேலையை விட்டு நிற்கும்வரை அத்தை தினமும் அந்தக் கையெழுத்தை வாங்கினார். நேற்றைய எழுத்து செல்லாது. காலையில் வந்ததும் ஈரத்துணியால் பலகையைத் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டியை ராஜாங்கத்தின் மேசைமேல் வைப்பார். வேறு ஒரு வார்த்தையும் அவரிடம் பேசியதில்லை.