கேட்காமல் கூட்டிய இரண்டு இஞ்ச்

ஈஜிபுராவில் தையல் கடை வைத்திருக்கிறேன். பருமனான பெண்கள் வந்தால், கேட்காமலே அளவில் இரண்டு இஞ்ச் கூட்டித் தைப்பேன். உடம்பு தெரியாமல் இருந்தால்தான் அழகு என்று நினைப்பு.

நிச்சயதார்த்தக் கவுனைப் போட்டுப் பார்த்த மேரி, இடுப்பில் தொங்கிய துணியைக் கொத்தாகப் பிடித்துக் கத்தினாள். "இதுல இன்னொரு ஆளே பூந்துக்கலாம்! ஏன்க்கா?"

"உடம்பு தெரியக் கூடாதுன்னுதாம்மா..."

"மறைச்சுக் குடுங்கன்னு நான் கேட்டேனா? என் நிச்சயதார்த்தத்துல நான் எதுக்கு ஒளியணும்?"

எனக்கும் சுர்ரென்று ஏறியது. நல்லது செய்தால் இப்படியா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பக்கத் தையலைப் பிரித்து, அவள் அளவுக்கே பிடித்துக் கொடுத்தேன்.

மறுபடி போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். அத்தனை பொருத்தம்! அதே கண்ணாடியில், பின்னால், தொளதொள சுடிதாரில் நான். என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருடமாக ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறேன். என் உடம்பில் டேப்பை வைத்ததே இல்லை.