மைசூர்ப் பருப்பும் காதர் நானாவின் மெட்டும்

பசறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர்தான் சொன்னார். "பருப்பு டீச்சர், ஒங்களுக்குச் சேதி தெரியாதா? காதர் நானா மௌத்தாயிட்டாரு. நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க."

பதுளைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். எங்கள் தேயிலைத் தோட்டத்து நாடகங்களுக்கெல்லாம் மெட்டுப் போட்டவர். பஸ் கிளம்பிவிட்டது. இறங்கிப்போய் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவரை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். எனக்குப் 'பருப்பு டீச்சர்' என்ற பட்டப்பெயர் வந்த விதம் பற்றி உங்களில் பலர் அறிந்திருப்பது பொய். அந்தப் பொய்யைப் பரப்பியவர் காதர் நானாவேதான்.

நாங்கள் பாட்டுக் கட்டியது இப்படித்தான்: அவர் ஆர்மோனியத்தில் மெட்டைப் போடுவார், நான் அதற்குச் சொல் எழுதுவேன். சொல் வரும்வரை மெட்டின் அளவு மறந்துவிடாதிருக்க, வாய்க்கு வந்த எதையாவது வைத்துப் பாடிக்கொண்டிருப்பார். சாமான் தட்டுப்பாட்டுக் காலம் அது. வாடிக்கைக்காரர்களிடம் நாள் முழுதும் அவர் சொல்வதே வாய்க்கு வரும்:

"சீனியும் இல்லே, மாவும் இல்லே,
மைசூர்ப் பருப்பு நாளைக்கு."

அந்த முறை நாடகம், ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படும் தோட்டக் குடும்பங்களைப் பற்றியது. இந்தியாவுக்குப் போகும் மகனை ரயிலடியில் பிரியும் தாய் பாடவேண்டிய பாட்டு. நான் மூன்று வாரம் எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். "டீச்சர், மாப்பிள்ளை மணவறையில உக்காந்து மூணு வாரமாச்சு. பொண்ண எப்ப அனுப்புவீங்க?" என்று ஞாயிறுதோறும் கேட்பார். தாயாக நடித்த செல்லம்மா கொழுந்து பறிப்பவள். எழுதப் படிக்கத் தெரியாது. காதால் கேட்டே பாடம் பண்ணுவாள். மூன்று ஞாயிறும் அவள் பாடிப் பழகியது சீனியும் மாவும்தான். "வானமும் அழுமே, மேகமும் அழுமே, வாழ்ந்த மலையைப் பிரிகையிலே" என்ற என் வரிகள், நாடகத்துக்கு இரண்டு நாள் முன்புதான் அவள் காதுக்குப் போயின.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அரசாங்க அதிகாரி ஒருவர். செல்லம்மா கூட்டத்தைப் பார்த்தாள். மகனின் தோளைப் பிடித்தாள். கண்ணீர் வழிய, உயிரை உருக்கும் குரலில், "சீனியும் இல்லே, மாவும் இல்லே" என்று எடுத்தாள்.

மகனாக நடித்தவன் துண்டால் முகத்தை மூடிக் குலுங்கினான். அழுகிறான் என்றே சனம் நினைத்தது. பின்வரிசையில் சிரிப்பு கிளம்பி அடங்கியது. பிறகு ஒரு பெண், "ஆமா, புள்ளைக்குக் கட்டிக்குடுக்க என்னா இருக்கு?" என்றாள். அதோடு மண்டபமே அழ ஆரம்பித்தது. நானா நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார். செல்லம்மா பருப்பை நான்கு முறை பாடினாள்.

திரை விழுந்ததும் அதிகாரி எழுந்தார். "இந்தப் பாட்டை எழுதியது யார்?"

நான் அரசாங்கச் சம்பளம் வாங்குபவள். தட்டுப்பாட்டைப் பற்றி மேடைக்குப் பாட்டு எழுதினேன் என்றால் வேலை போய்விடும். நான் வாயைத் திறப்பதற்குள் ஆர்மோனியத்தின் பின்னாலிருந்து நானா எழுந்து நின்றார்.

"நான்தாங்க ஐயா. கடைக்காரன். நாள் பூரா சொல்றதையே பாட்டாக்கிட்டேன்."

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "நாளைக்குப் பருப்பு வருமா?"

"அது ஐயாவுக்குத்தான் தெரியும்."

அதிகாரி சிரித்துவிட்டார்.

ஏன் நிறுத்தவில்லை என்று மறுநாள் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். "ஒங்க பாட்டு நல்ல பாட்டுதான் டீச்சர். ஆனா ரெண்டு நாள்ல வயித்துக்குள்ள எறங்காது" என்றார். அதற்குள் பாட்டு பண்டாரவளை வரை போயிருந்தது. மலையில் பெண்கள் அதைப் பாடிக்கொண்டு கொழுந்து பறித்தார்கள். யார் கட்டினது என்று கேட்டவர்களிடமெல்லாம், "நான் மெட்டுதான். சொல்லு பூரா டீச்சரோடது" என்றார் நானா. திட்டு வரும் என்ற இடத்தில் பாட்டு அவருடையதாக இருந்தது. புகழ் வந்ததும் என்னுடையதாகி, நான் பருப்பு டீச்சர் ஆகிவிட்டேன். நான் மறுக்க மறுக்க, "டீச்சருக்கு அடக்கம் ஜாஸ்தி" என்றார். இன்று எழுதிவைக்கிறேன்: அதில் ஒரு சொல்கூட என்னுடையது அல்ல.

அதற்குப் பிறகு அவர் கடையின் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துதான் எழுதினேன். ஒருமுறை 'யாண்டும்' என்று ஒரு சொல் போட்டேன். "இதுல எந்த ஆண்டி வாராரு?" என்று கேட்டார். அடித்துவிட்டேன். இன்னொரு நாள், என் நீண்ட வரி ஒன்றைப் பாடிப் பாதியில் இருமியவர், "செல்லம்மா கூடையோட மேடேறிக்கிட்டே பாடுவா. அவ மூச்சு விட எடம் விடுங்க" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான். எதை எழுதினாலும் பள்ளிக்கூடத்து மேட்டில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறுவேன். மூச்சு முட்டும் இடத்தை வெட்டுவேன். இன்று காலை இதையும் சொல்லிக்கொண்டு ஏறினேன். இரண்டு இடத்தில் நிற்கவேண்டி வந்தது. இரண்டிலும் அவரைப் புகழ்ந்து எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.