குதிக்கும் மலைக்கு வாஸ்து பார்த்த நாள்

என் மாமாவுக்குப் பெண் அமையாததற்கு நார்வே நாட்டில் இருக்கும் ஒரு மலைதான் காரணம் என்று அம்மா உறுதியாக நம்பினாள். மாமா அம்மாவின் தம்பி. கீரப்பாளையத்தில் டிராக்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், கப்பல் வேலை, அந்த வேலை இந்த வேலை என்று சுற்றிவிட்டு, கடைசியில் ஓஸ்லோ நகரத்துக்கு மேலே இருக்கும் ஹோல்மன்கோலன் மலையில் மெக்கானிக்காக ஒட்டிக்கொண்டார். காலில் நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு, பனிச்சரிவில் விர்ரென்று இறங்கி, அந்தரத்தில் பறந்துபோய்த் தரை தொடுகிறார்களே, அந்த விளையாட்டுக்குப் பேர்போன இடம் அது. மாமாவின் வேலை, பனியைச் சமன்செய்யும் வண்டியையும் ஆட்களை மேலே ஏற்றும் லிப்டையும் ஓடவைப்பது. பெண் வீட்டார் கேட்டால் இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த அவரால் முடியாது. மலையின் வரலாற்றை ஆதியிலிருந்து ஆரம்பித்துவிடுவார். வந்த சம்பந்தமெல்லாம் அப்படித்தான் கைநழுவிப் போயிற்று.

பண்ருட்டியில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனபோது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். பந்தய சீசன் என்பதால் மாமாவுக்கு லீவு இல்லை. வீடியோ காலில் பார்ப்பதாக ஏற்பாடு. போனைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது, அதில் எனக்கு ஏகப் பெருமை. இந்த இடமும் தவறினால் இனிமேல் அலையத் தெம்பு இல்லை என்று அம்மா வேனிலேயே கண் கலங்கினாள். "மலையப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத மச்சான்" என்று அப்பா முந்தின நாளே மாமாவிடம் கெஞ்சியிருந்தார்.

பெண்ணுக்கு அப்பா இல்லை. பெரியப்பா வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். அவர் வீடு கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர். அவரிடம் மூலை கேட்காமல் அந்தத் தெருவில் யாரும் தண்ணீர்த் தொட்டிகூட வைப்பதில்லை. முந்திரி பக்கோடா வந்தது, காபி வந்தது, பெண்ணும் வந்து உட்கார்ந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போனில் மாமாவுக்குப் பின்னால் தெரிந்த, குதிப்பதற்கான கோபுரத்தைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா தொழில் பாசத்தில் கேட்டார்: "அந்தக் கட்டடம் எவ்ளோ நாளா இருக்குது தம்பி?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

மாமாவுக்கு வேறென்ன வேண்டும்! முதலில் அங்கே கட்டடமே கிடையாதாம். சரிவில் மரக்கிளைகளை அடுக்கி, மேலே பனியைக் கொட்டி, மிதித்துக் கெட்டியாக்கி, அதிலிருந்து குதித்தார்களாம். ராஜா குடும்பமே வந்து வேடிக்கை பார்க்குமாம். பிறகு மரத்தில் கட்டி, அது போதாமல் உயர்த்தி, சிமெண்டில் கட்டி, அதையும் இடித்துவிட்டு இப்போது இரும்பில் கட்டியிருக்கிறார்களாம். கோடையில் பனி உருகிவிடும் என்பதால், குதித்து வந்து நிற்கிற பள்ளத்தில் ஒரு காலத்தில் தண்ணீர் நிரப்பி நீச்சலடிப்பார்களாம்.

"இடிச்சி இடிச்சிக் கட்டுறாங்கன்னா ஏதோ கோளாறு இருக்குதுன்னு அர்த்தம்" என்றார் பெரியப்பா. "தண்ணி எந்த மூலையில நிக்குது?"

காபி டம்ளரை மலையாகவும் தண்ணீர்ச் சொம்பைக் குளமாகவும் வைத்து, அந்த மலைக்கு வாஸ்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். வடக்கு எது என்று கேட்டார். மாமா தலையைத் திருப்பிக் கோபுரத்தைப் பார்த்தார். சூரியன் உதிக்கும் பக்கத்தையாவது சொல்லச் சொன்னார்.

"இந்த மாசத்துல சூரியன் ஓரமா எட்டிப் பாத்துட்டுப் போயிடும் மாமா. இருட்டுதான் ஜாஸ்தி" என்றார் உண்மை மட்டுமே பேசத் தெரிந்த என் மாமா.

"சூரியனே ஒழுங்கா வராத ஊருக்கு எப்புடிப் பொண்ண அனுப்புறது?" என்று பெரியப்பா டம்ளரை நகர்த்தி வைத்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் அழுகை முட்டியது.

அப்போதுதான் அந்தப் பெண் எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார். கேட்காமல் வாங்கியதில் எனக்குக் கோபம்.

"மேல நிக்கிறவங்களுக்குக் கீழ எறங்குற எடம் தெரியுமாங்க?"

"தெரியாதுங்க" என்றார் மாமா. "முனை மறைச்சிடும். தூரத்துல ஊரும் கடலும்தான் தெரியும்."

"பயமா இருக்காதா?"

"இருக்கும்னுதான் சொல்றாங்க. ஆனா கீழ நாங்க பனியப் பதமாப் போட்டு வச்சிருப்போங்க. அத நம்பித்தான் குதிக்கிறாங்க."

அந்தப் பெண் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "எனக்குச் சம்மதம் பெரியப்பா" என்றார்.

பெரியப்பா அவரையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் சொம்பை ஈசான்ய மூலைக்குத் தள்ளிவைத்து, "இப்புடி இருந்துச்சின்னா தோஷமில்ல" என்று முடித்தார்.

திரும்பி வரும்போது அம்மா வேனில் அழுதுகொண்டே சிரித்தாள். மலையைப் பற்றி அவ்வளவு அக்கறையாகக் கேட்டவர் அதிலிருந்து குதிக்கத்தான் போகிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

"அந்த அக்கா எப்பம்மா குதிப்பாங்க?" என்று கேட்டேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வைகாசியில" என்றாள்.

வைகாசியில் அங்கே பனியே இருக்காதே, என்ன தைரியத்தில் ஒத்துக்கொண்டார் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.